பழைய பிரெஞ்சு கார் வாங்கும் முன்பே கிளப்பில் சேர வேண்டுமா?

பழைய சிட்ரோயனோ ரெனோவோ ஒன்று வாங்க ஆசை, உரிமையாளர் கிளப்பில் இப்போதே சேர வேண்டுமா, கார் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் கிளப், அப்புறம்தான் கார். கார் இல்லாதவர்களையும் பல கிளப்கள் சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்ளும்.

நான் சிட்ரோயனின் டிஎஸ் மாடல் கார் வைத்திருக்கிறேன், அதனால் அதை வைத்தே சொல்கிறேன். 1955 பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமாகி 1975 வரை, ஏறத்தாழ பதினான்கரை லட்சம் கார்கள் வெளிவந்தன. ஸ்டீல் ஸ்பிரிங் கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் நைட்ரஜன் நிரப்பிய ஓர் இரும்பு உருண்டை, அதைத் தாங்க அழுத்தத்தில் ஓடும் திரவம், அவ்வளவுதான் சஸ்பென்ஷன். இன்ஜினைப் போட்டதும் கார் தானாக எழுந்து நிற்கும், எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுத்ததே இல்லை. பிரேக், ஸ்டீயரிங் எல்லாவற்றுக்கும் அதே திரவம்தான் உயிர். இங்கேதான் கவனம் வேண்டும். ஆரம்பகாலக் கார்களில் சிவப்புத் திரவம், 1966-ஐ ஒட்டிப் பச்சை மினரல் திரவத்துக்கு மாறினார்கள், ஒன்றுக்குரிய ரப்பர் சீல்கள் மற்றதில் ஊறிக் கெட்டுவிடும். விவரம் தெரியாத ஒருவர் ஒரு பாட்டில் மாற்றி ஊற்றினால் போதும், மொத்த ஹைட்ராலிக் அமைப்பையும் பிரித்துப்போட வேண்டியிருக்கும். நைட்ரஜனும் வருடக்கணக்கில் மெல்லக் கசியும், அப்போது பஞ்சு மாதிரி போன வண்டி கட்டைவண்டியாகிவிடும். "சஸ்பென்ஷனே போச்சு, விற்றுவிடுங்கள்" என்று வெளி மெக்கானிக் சொல்லும் இந்த நிலையில், உருண்டைகளைக் கழற்றி வாயு நிரப்பினாலே பெரும்பாலும் சரியாகிவிடும் என்று கிளப்பில் எவரும் சொல்வார்கள்.

ரெனோ 4 இன்னொரு வேடிக்கை. வலப்பக்கம் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம் இடப்பக்கத்தைவிட 5 செ.மீ. அளவுக்கு அதிகம்! அளந்து பார்ப்பவர் கார் எங்கோ இடித்து வளைந்திருக்கிறது என்றே நினைப்பார். பின்பக்க டார்ஷன் பார்கள் (முறுகி ஸ்பிரிங் வேலை செய்யும் இரும்புத் தண்டுகள்) இரண்டும் காரின் அகலம் முழுக்கப் படுத்திருப்பதால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வைக்க முடியும், அதனால் சக்கரங்களும் முன்பின்னாக அமைந்துவிட்டன. இந்த மாதிரி விஷயங்களை ஒரு மூத்த உறுப்பினர் காருக்குக் கீழே படுத்துக் கையால் தொட்டுக் காட்டும்போதுதான் மனதில் நிற்கிறது.

உதிரிபாகமும் ஒரு பெரிய காரணம். உற்பத்தி நின்றுபோன சின்னச் சின்ன ரப்பர், சீல், டிரிம் எல்லாவற்றையும் சில கிளப்கள் உறுப்பினர்களின் பணத்தைச் சேர்த்துப் புதிதாகவே செய்ய வைக்கின்றன. எப்போதாவது தேவைப்படும் விசேஷக் கருவிகளை இரவல் கொடுப்பதும் உண்டு. நல்ல கார்கள் பல விளம்பரத்துக்கே வராமல் உறுப்பினர்களுக்குள்ளேயே கைமாறிவிடும், அதுவும் பழைய பில்கள், சர்வீஸ் விவரங்களோடு.

எந்தக் காரில் தொடங்கலாம் என்றால் என் ஓட்டு சிட்ரோயனின் சின்னக் காரான 2சிவிக்குத்தான், சொந்த டிஎஸ்ஸை வைத்துக்கொண்டே இதைச் சொல்கிறேன். 1948-இல் அறிமுகம், 1990 வரை உற்பத்தி, காற்றாலேயே குளிரும் இரண்டு சிலிண்டர் இன்ஜின், ரேடியேட்டர் என்ற தொல்லையே கிடையாது. சீட்டைத் தூக்கி வெளியே போட்டு உட்காரலாம். முக்கியமாகப் பார்க்க வேண்டியது சேஸிஸ் துரு. அதற்கும் துத்தநாகப் பூச்சோடு புது சேஸிஸ் கிடைக்கிறது. உலகம் முழுக்க உள்ள 2சிவிக்காரர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நாட்டில் கூடுகிறார்கள், கூடாரம் அடித்துத் தங்கி, திறந்த பானட்டுகளுக்கு நடுவே பேசியே பொழுதைப் போக்குகிறார்கள்.

மாசெராட்டி வி6 இன்ஜின் வைத்த சிட்ரோயன் எஸ்எம் மீது கண் போயிருந்தால் (யாருக்குத்தான் போகாது!) அதைச் சில வருடம் தள்ளிப்போடுங்கள், அந்த இன்ஜினின் டைமிங் செயின்களில் (வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் சங்கிலிகள்) விவரம் தெரிந்தவர் கை பட்டிருக்க வேண்டும்.

வாங்கப் போகும் நாளில் அதே மாடல் வைத்திருக்கும் கிளப் உறுப்பினர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். கேட்டால் வருவார்கள். மற்றவர் காரைப் பார்க்கப் போவதென்றால் எங்களுக்கெல்லாம் அவ்வளவு ஆசை.