செயினை வெட்டுவதற்கு முன்னால்…

கேள்வி: என்னுடையது கியர் இல்லாத சாதாரண சைக்கிள். கொஞ்ச நாளாக மேடு பள்ளத்தில் இறங்கினால் செயின் கழன்றுவிடுகிறது. மற்ற நேரத்தில் செயின் கவரில் 'டக் டக்' என்று அடிக்கிறது. இரண்டு கண்ணியை வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். புதுச் செயினே போட்டுவிடலாம் என்கிறான் என் மகன். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேரையும் சும்மா இருக்கச் சொல்லுங்கள். கியர் சைக்கிளில் தொங்கும் செயினை இழுத்துப் பிடிக்க ஒரு ஸ்பிரிங் இருக்கும். உங்களுடையதில் அந்த வேலை பின் சக்கரத்துக்கு. அச்சு உட்காரும் இடத்தைக் குனிந்து பாருங்கள். வட்டத் துளையாக இல்லாமல் நீளவாக்கில் வெட்டிய பள்ளமாக இருக்கும். சக்கரத்தைப் பின்னால் இழுத்தால் செயின் இறுகும். பெரும்பாலும் விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

முதலில் எவ்வளவு லூஸ் என்று பாருங்கள். சைக்கிளை ஸ்டாண்டில் போட்டு, செயினின் கீழ் வரியை நடுவில் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். மொத்தமாக அரை அங்குலம் ஆடினால் போதும். ஆனால் ஒரே இடத்தில் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுத்துவிடாதீர்கள். பெடலைக் கால் சுற்று நகர்த்தி மறுபடி ஆட்டிப் பாருங்கள். இப்படியே ஒரு முழுச் சுற்று. முன் பல்சக்கரம் அநேகமாக எந்தச் சைக்கிளிலும் கச்சிதமான வட்டமாக இருக்காது. ஓரிடத்தில் செயின் விறைப்பாகவும் இன்னோர் இடத்தில் தொளதொளவென்றும் இருக்கும். விறைப்பான இடம்தான் கணக்கு. தொளதொள இடத்தை வைத்து இறுக்கினீர்கள் என்றால் விறைப்பான இடம் வரும்போதெல்லாம் பெடல் முக்கும்.

அச்சின் இரண்டு பக்க நட்டையும் தளர்த்தினால் போதும், கழற்றவே வேண்டாம். மட்கார்டு கம்பி, கேரியர் கால், ஸ்டாண்ட் எல்லாம் அதே அச்சில்தான் தொங்கும். கழற்றினால் திரும்பக் கோப்பதற்குள் பொழுது போய்விடும். செயின் பக்கத்தை முதலில் பின்னால் இழுத்து, அந்த நட்டை லேசாகப் பிடிக்க வைக்கவும். அப்புறம் மறுபக்கத்தை நகர்த்தி, டயர் பிரேமின் இரண்டு குழாய்களுக்கும் நட்டநடுவில் வரும்படி பார்க்கவும். சக்கரம் கோணலாக நின்றால் செயின் இறுக்கமாக இருந்தும் கழலும். நட்டுகளை ஒரேயடியாக முறுக்காமல் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இறுக்கும்போது சக்கரம் முன்னால் நழுவப் பார்க்கும், விடாதீர்கள்.

சக்கரம் நகர்ந்ததால் பிரேக் கட்டை ரிம்மில் சரியாகப் படுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கும் பிரேக் என்றால், அதன் கையைப் பிரேமோடு கட்டியிருக்கும் பட்டையையும் முதலிலேயே தளர்த்தி, கடைசியில் இறுக்கிவிட வேண்டும்.

பள்ளத்தின் கடைசி வரை இழுத்தும் லூஸ் போகவில்லையா? அப்போது ஸ்கேலை எடுங்கள். செயினை விறைப்பாகப் பிடித்து, கண்ணிகளைக் கோக்கும் ஒரு முள்ளின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளி இருக்கும் முள்ளின் நடு வரை அளந்தால் புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் வரும். கால் அங்குலத்தில் பாதி கூடியிருந்தால் உங்கள் மகன் சொன்னதுதான் சரி. செயின் நீண்டுவிட்டது என்கிறோமே, உண்மையில் இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு முள்ளும் அது உட்காரும் துளையும் மயிரிழை மயிரிழையாகத் தேய்ந்து, எல்லாம் சேர்ந்து அந்த நீளம். அதில் இரண்டு கண்ணியை வெட்டினால் தொங்கல் போகும், தேய்மானம் போகாது. பல்லோடு பொருந்தாமல் மேலே ஏறிக்கொண்டேதான் இருக்கும். பின் பல்லும் கொக்கி மாதிரி வளைந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் புதுச் செயின் அழுத்தி மிதிக்கும்போது வழுக்கும்.

அளவு சரியாக இருந்து, பள்ளத்தில் மட்டும் இடம் தீர்ந்துபோயிருந்தால் அண்ணன் யோசனைக்கு வரலாம். ஒற்றைக் கண்ணியாக எடுக்க முடியாது, உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் ஜோடியாகத்தான் போகும். அது ஒரு அங்குலம்; சக்கரம் அரை அங்குலம் முன்னால் வரும். அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள். திரும்ப மாட்டும்போது, செயினின் இரண்டு முனைகளையும் இணைக்கும் லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: செயினை நன்றாக டைட் செய்தால் மிதிக்க லேசாக இருக்குமா?

பதில்: இருக்காது, கனக்கும். ஃப்ரீவீலும் பெடல் அச்சின் பேரிங்கும் சீக்கிரம் தேயும். பின் சக்கரத்தைத் தூக்கி, பெடலைக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்கேயாவது பிடித்து விட்டால் சக்கரத்தை ஒரு நூல் முன்னால் தள்ளுங்கள்.