கடலிலிருந்து திட்டமிடப்பட்ட வீடு: நெல்சனின் மெர்ட்டன் கடிதங்களை வாசிக்கும் முறை

கேள்வி: பிரித்தானியக் கடற்படைத் தளபதி ஹொரேஷியோ நெல்சன், லண்டனுக்கு அருகிலிருந்த தம் மெர்ட்டன் இல்லத்தைப் பற்றி தம் காதலி எம்மா ஹாமில்டனுக்கு எழுதிய கடிதங்களை வைத்துக் கட்டுரை எழுதுகிறேன். அவற்றில் வரும் வாயில், கொட்டகை, லாயம் எல்லாம் அந்த வீட்டில் இருந்தவை என்று எழுதலாமா?

பதில்: அப்படியே எழுதிவிடக் கூடாது. கப்பலில் இருப்பவர் வீட்டைப் பற்றி எழுதும் கடிதம், அங்கு என்ன இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார் என்பதற்குத்தான் முதன்மையான சான்று. என்ன கட்டப்பட்டது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டும்.

முதலில் கடிதங்களை இரண்டு காலமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 1801-இல் எம்மா தேர்ந்தெடுத்த இந்த வீட்டை, அதைச் சோதித்த மதிப்பீட்டாளர் கடுமையாகக் குறைகூறி அறிக்கை தந்த பிறகும், நெல்சன் 9,000 பவுண்டுக்கு நேரில் பாராமலேயே வாங்கினார். அவர் அங்கு முதன்முதலில் கால் வைத்தது அக்டோபர் 23 அளவில்தான். எனவே அதற்கு முன் அவர் பன்றிகளையும் கோழிகளையும் பாராட்டி எழுதியதும், நிலம் வளம்பெற ஆடுகளை இரவில் கிடை போடச் சொன்னதும், பண்ணைப் புத்தகம் ஒன்று வைக்கப்போவதாகத் தெரிவித்ததும் கண்ணால் காணாத ஓர் இல்லத்தைப் பற்றியவை. எனக்கு மிகவும் பிடித்த கடிதங்கள் இவையே; சொந்த வீடு என்ற ஏக்கம் இவற்றில் அத்தனை தெளிவாகத் தெரிகிறது. ஆயினும் வீட்டின் அமைப்பை அறிய இவை உதவமாட்டா.

1803 மே மாதம் மத்தியதரைக் கடலுக்குப் புறப்பட்ட பின், எதிரி நாடான பிரான்சின் தூலோன் துறைமுகத்தைக் கண்காணித்தபடி தம் தலைமைக் கப்பலான விக்டரியிலிருந்து எழுதியவை வேறு வகை. வாழ்ந்த வீட்டை நினைவில் வைத்து எழுதுவதால் நுணுக்கங்கள் மிகுகின்றன. 1804 மார்ச் மாதக் கடிதத்தை இதற்காகவே வரிவரியாகப் படியுங்கள். மூலையில் புது நுழைவு கட்டாயம் வேண்டும் என்கிறார். ஆனால் இப்போதைக்குச் சாதாரண வெள்ளைக் கதவு போதும் என்கிறார். குளிர்காலத்தில் வண்டியைக் களஞ்சியத்தில் நிறுத்தலாம், வண்டிக் கொட்டகையையும் லாயத்தையும் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம், 'நைல்' என்று அவர்கள் பெயரிட்டிருந்த கால்வாயின் ஒரு பகுதி என்றேனும் ஒருநாள் தூர்க்கப்படும் என்று தொடர்கிறார். 'கட்டாயம்', 'இப்போதைக்கு', 'அடுத்த ஆண்டு', 'ஒருநாள்' என்ற நான்கும் நான்கு நிலைகள். உங்கள் கட்டுரையில் அவை ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது. அதே கடிதத்தில், குழந்தை ஹொரேஷியா தவறி விழாதபடி கால்வாயைச் சுற்றி மூன்றடி உயரத்துக்கு வலுவான வலை கட்டச் சொல்லி, அது முடிந்ததென்று தெரியும்வரை கவலையாகவே இருக்கும் என்கிறார். இங்கே நீங்கள் உறுதியாக எழுதக்கூடியது அந்தக் கவலையை மட்டுமே.

ஹொரேஷியா 1801 ஜனவரியில் இருவருக்கும் பிறந்த மகள். உலகுக்கு வளர்ப்பு மகளாகவே காட்டப்பட்டாள். கடிதங்கள் எதிரியிடம் சிக்கக்கூடும் என்பதை நெல்சன் அறிந்திருந்ததால், குழந்தையைப் பற்றிய சொற்களில் காணும் அடக்கத்தை அன்பின் குறைவாக எண்ணிவிட வேண்டாம்.

எம்மா எழுதிய கடிதங்களை நெல்சன் எரித்துவிட்டதால், உரையாடலின் ஒரு பக்கமே பெரும்பாலும் எஞ்சியிருக்கிறது. அவர் சொன்னதற்கெல்லாம் எம்மா இசைந்தார் என்று அதிலிருந்து முடிவுகட்ட இயலாது. பதிப்பைப் பொறுத்தவரை, 1814-இல் தொகுத்தவர் பெயரின்றி வெளியான இரு தொகுதிகளை மட்டும் நம்பாமல், ஆல்ஃபிரட் மாரிசன் என்பவர் சேகரித்து 1893–94-இல் அச்சான கடிதத் தொகுப்போடும் ஒப்பிடுங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1805 ஆகஸ்ட் 20-இல் வீடு திரும்பிய நெல்சன் செப்டம்பர் 13 இரவில் மீண்டும் புறப்பட்டார். அக்டோபர் 21-இல் டிரஃபால்கர் கடற்போரில் உயிரிழந்தார். இருவரும் மெர்ட்டனில் சேர்ந்திருந்த நாட்களில் கடிதம் எழுதத் தேவையில்லாததால், வீடு நிறைவுபெற்ற நிலையை அவர் கையெழுத்திலிருந்து மிகக் குறைவாகவே அறிய முடிகிறது. கட்டடமும் இன்று இல்லை. ஆகவே விருந்தினர்களின் பதிவுகளை நாடுங்கள். பின்னாளில் இந்தியாவின் கவர்னர் ஜெனரலான மின்டோ பிரபு அந்த ஆகஸ்டில் அங்கு சென்றிருந்தார். எம்மா நெல்சனுக்குத் தெரியாமலேயே வீட்டை விரிவாக்கி மேம்படுத்தியிருந்தார் என்றும், நெல்சன் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது என்றும் மின்டோ எழுதினார். விக்டரியிலிருந்து வந்த கட்டளைகளுக்கு அருகில் இந்தச் சாட்சியத்தை வைத்து, எது நெல்சனின் திட்டம், எது எம்மாவின் வேலை என்று பிரித்து எழுதுங்கள்.