மேதைகளின் கதை போதும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். சின்ன வயதில் கையில் கிடைத்ததையெல்லாம் பிரித்துப் பார்ப்பாள். இப்போது அறிவியல் என்றாலே முகம் சுளிக்கிறாள். ஆர்வம் வரட்டும் என்று ஐன்ஸ்டைன், மேரி கியூரி கதைகளைச் சொன்னால், "அதெல்லாம் மூளை இருக்கிறவங்களுக்கு" என்கிறாள். ரோபாட்டிக்ஸ் வகுப்பில் சேர்க்கலாமா? அறிவியல், தொழில்நுட்ப வேலைகள் பக்கம் அவளை எப்படித் திருப்புவது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மேதைகளின் கதையை நாம் சொல்லும் லட்சணம் அப்படி. பட்ட பாட்டை விட்டுவிட்டு வாங்கிய விருதைச் சொல்கிறோம். ஐன்ஸ்டைனுக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுங்கள்.

பதிலாக ஜோசலின் பெல்லைப் பற்றிச் சொல்லுங்கள். வட அயர்லாந்துக்காரர், வானியல் விஞ்ஞானி. 11 வயதில் எழுதிய தேர்வில் தேறவில்லை. பள்ளியில் பையன்களை ஆய்வகத்துக்கும் பெண்களை மனையியல் வகுப்புக்கும் அனுப்பினார்கள். பெற்றோர் சண்டை போட்ட பிறகுதான் இவருக்கு ஆய்வகத்தில் இடம் கிடைத்தது. பிறகு கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியானார். தனக்கு அங்கே இருக்கத் தகுதியில்லை, ஒருநாள் கண்டுபிடித்துத் துரத்திவிடுவார்கள் என்ற பயம் உள்ளூர இருந்ததாகவும், அதனாலேயே அத்தனை கவனமாக வேலை செய்ததாகவும் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

என்ன வேலை? முதல் இரண்டு வருடம் ரேடியோ தொலைநோக்கி, அதாவது விண்வெளியிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் கருவி, கட்டுவது. கம்பம் நட வேண்டும், கம்பி இழுக்க வேண்டும், சம்மட்டி பிடிக்க வேண்டும். அப்புறம் அந்தக் கருவியிலிருந்து தினமும் வந்து விழும் சுமார் 30 மீட்டர் நீளக் காகிதத்தில் பேனா முள் வரைந்த கோடுகளைக் கண்ணாலேயே பார்த்துத் தீர்க்க வேண்டும். 1967 ஆகஸ்டில் அந்தக் கோடுகளுக்கு நடுவே சின்னதாக ஒரு கிறுக்கல் கண்ணில் பட்டது. எதிர்பார்த்த விண்பொருளின் பதிவு மாதிரியும் இல்லை, மனிதர்கள் உண்டாக்கும் இரைச்சல் மாதிரியும் இல்லை. தாண்டிப் போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் விடவில்லை. நவம்பர் கடைசியில் காகிதத்தை வேகமாக ஓடவிட்டுப் பதிவு செய்தபோது, சுமார் 1.3 நொடிக்கு ஒன்றாகத் துடிப்புகள் தெரிந்தன. அதுதான் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட பல்சர், அதாவது சுழன்றபடி சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்புகளை அனுப்பும் விண்மீன். 1974இல் அதற்கான நோபல் பரிசு அவருடைய வழிகாட்டிக்குப் போனது, இவருக்கு இல்லை. 2018இல் வேறொரு பரிசாகக் கிடைத்த 30 லட்சம் டாலரை, வாய்ப்புக் குறைந்த மாணவர்கள் இயற்பியல் ஆராய்ச்சி செய்ய அப்படியே கொடுத்துவிட்டார்.

பிரித்து மாட்டும் கை உள்ள பெண்ணுக்கு இந்தக் கதையில் கால் வைக்க இடம் இருக்கிறது.

ரோபாட்டிக்ஸ் வகுப்பு? அவளே கேட்டால் சேருங்கள். ஆனால் சேர்க்கும் முன் ஒருநாள் போய் உட்கார்ந்து பாருங்கள். ஒரு பிள்ளையின் வண்டி ஓடாதபோது ஆசிரியர் வாங்கிச் சட்டென்று சரிசெய்து கையில் கொடுக்கிறார் என்றால், பணத்தை மிச்சப்படுத்துங்கள். ஏன் ஓடவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் அந்த அரை மணி நேரம்தான் வகுப்பே.

வீட்டிலேயே செய்ய நிறைய இருக்கிறது. வெயிலில் ஒரு குச்சியை நட்டு, நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது கடிகாரத்தின் 12 மணியாக இருக்காது. சில வாரம் கழித்துப் பார்த்தால் அந்த நேரமும் நகர்ந்திருக்கும். ஏன் என்று அவள் கேட்டால் உடனே விளக்கிவிடாதீர்கள், பதில் தெரிந்திருந்தாலும்! செல்பேசி கேட்டு அடம்பிடித்தால் ஃபைபாக்ஸ் என்ற இலவசச் செயலியைப் போட்டுக் கொடுங்கள். ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தில் உருவானது. செல்பேசிக்குள் இருக்கும் முடுக்கமானி (வேகம் மாறுவதை உணர்வது), காந்தமானி (காந்தப்புலத்தை உணர்வது) எல்லாவற்றையும் அளவுக் கருவிகளாக்கித் தரும். லிஃப்ட் கிளம்பும்போதும் நிற்கும்போதும் முடுக்கம் எப்படி மாறுகிறது என்று அவளே வரைபடமாகப் பார்க்கலாம்.

என்னவாகப் போகிறாய் என்ற கேள்வியை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். தொலைநோக்கிக்கு ஆடி தேய்ப்பவர், தரவுக்கு மென்பொருள் எழுதுபவர், பழுதான கருவியைச் சரிசெய்பவர் என்று இந்தத் துறையில் பல மாதிரி ஆட்கள் உண்டு, அது தெரிந்தால் போதும்.

கணிதத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். மற்ற பாடங்களில் தவறவிட்டதைப் பின்னால் ஓரளவு பிடித்துவிடலாம். பின்னங்கள் புரியாமல் அல்ஜீப்ராவுக்குள் போன பிள்ளை அங்கேயே திணறும். மூளை இல்லை என்ற எண்ணம் பெரும்பாலும் இங்கேதான் முளைக்கிறது. எந்த இடத்தில் விட்டுப்போனது என்று தேடுங்கள். அது ஆறாம் வகுப்புப் பாடமாக இருந்தாலும் சரி, கூச்சப்படாமல் அங்கிருந்தே ஆரம்பியுங்கள்.