டாங், சோங், நடுவுல அம்பத்தி மூணு வருஷ கூத்து: சீன ராஜாக்கள் பத்தி நீங்க கேட்டது

அன் லூஷான் கலகத்துல 3.6 கோடி பேர் செத்தாங்கன்னு வாட்ஸப்ல சுத்துதே, நெஜமா சார்?

அன் லூஷான்ங்கிறவன் டாங் வம்ச ராஜாவுக்கு எதிரா கெளம்புன தளபதி. அந்த நம்பர் எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா சிரிப்பீங்க. கலகத்துக்கு கொஞ்சம் முன்னாடி டாங் அரசாங்க பதிவேட்டுல சுமார் 5.3 கோடி பேர், 764ல பாத்தா 1.7 கோடிதான், யாரோ ஒருத்தர் ஒண்ணுலேந்து ஒண்ண கழிச்சுட்டாரு. ஆனா அது வரி போடுறதுக்காக வச்ச பதிவேடு. சண்டை ஓஞ்சப்புறம் வடக்க ஹெபெய் பக்கத்து தளபதிங்க கணக்கே அனுப்பல, ஜனங்க ஊரு வீட்ட விட்டு தெக்க யாங்சி ஆத்துப் பக்கம் ஓடிட்டாங்க, மிச்ச இடத்துல வீடு வீடா போயி எழுத ஆளே இல்ல. லட்சக்கணக்குல செத்திருப்பாங்க, அதுல எனக்கு டவுட் இல்ல, ஆனா அந்த 3.6 கோடியில பெரும்பகுதி பேரேட்ட விட்டுப் போனவங்கதான்.

எல்லாத்துக்கும் காரணம் யாங் குயிஃபெயின்னு சொல்றாங்களே?

பாவம் அந்தம்மா, ராஜாவோட ஆசைநாயகி. 756ல ராஜா ஷுவான்சோங் தலைநகர் சாங்கானை விட்டு ஓடுறப்ப, வழியில மாவெயில படையே முரண்டு பிடிச்சு அவள கொல்ல வச்சுது, பழியும் அவ தலையில விழுந்துடுச்சு. விஷயம் எல்லையில இருக்கு. அன் லூஷான் ஒரே ஆளு மூணு எல்லை மாகாணத்துக்கு தளபதி, எல்லைப் படையில மூணுல ஒரு பங்குக்கு மேல அவன் கையில, வட்டாரப் பணமும் அவன் கையில. அப்புறம் 757ல அவனை அவன் மகனே தீர்த்துட்டான், அந்த மகனை ஷி ஸிமிங் தீர்த்தான், அவனையும் அவன் மகன்... விடுங்க. 763ல கலகம் முடிஞ்சுது, தளபதிங்க மட்டும் அப்படியே குட்டி ராஜா மாதிரி உக்காந்துட்டாங்க.

அப்போ டாங்கை முடிச்சது அந்த தளபதிங்களா?

கிட்டத்தட்ட. வரி வராததால அரசாங்கம் உப்பை தன் கையில எடுத்துக்கிட்டு வெலய ஏத்துச்சு, உடனே கள்ள உப்பு விக்கிற கூட்டம் பெருத்துச்சு. அப்படி வித்தவன்தான் ஹுவாங் சாவ், அரசுப் பரிட்சையில ஃபெயில் ஆன ஆளும்கூட! 881 தொடக்கத்துல சாங்கானையே பிடிச்சுட்டான். அவன்கிட்டேந்து கட்சி மாறி டாங் பக்கம் வந்த சூ வென், 907ல கடைசி டாங் ராஜாவ எறக்கிட்டு தானே உக்காந்தான். அப்புறம் 960 வரைக்கும் வடக்க அஞ்சு வம்சம், எல்லாமே படைக்காரங்க வச்ச ஆட்சி.

சோங் அவ்ளோ பணக்கார ராஜ்யம், ஏன் சண்டையில சொதப்பல்?

இதான் எனக்கு பிடிச்ச கேள்வி. சோங் வம்சத்த ஆரம்பிச்ச சாவ் குவாங்யினே ஒரு தளபதி, 960ல ஏழு வயசு ராஜாகிட்டேந்து படையை வச்சு ஆட்சிய வாங்குனவரு. தனக்கும் அதே கதி வரக்கூடாதுன்னு மறு வருஷமே பெரிய தளபதிங்கள விருந்துக்கு கூப்பிட்டு, ஊத்திக் குடுத்து, நிலமும் பணமும் தரேன் பதவிய விட்டுடுங்கன்னு நைசா அனுப்பிட்டாரு. அதுக்கப்புறம் படைக்கு மேல படிச்ச அதிகாரிங்க. உள்ள கலகம் அடங்குச்சு, ஆனா நல்ல குதிரை கெடைக்கிற வட எல்லை கிதான்கள்ங்கிற வடக்கத்தி ஜனங்க கையில போய் ரொம்ப நாளாச்சு. அதனால 1005ல அந்த கிதான்களோட ராஜ்யமான லியாவோவுக்கு வருஷா வருஷம் ஒரு லட்சம் டேல் (சீன எடை) வெள்ளியும் ரெண்டு லட்சம் சுருள் பட்டும் தரேன்னு ஒப்பந்தம். கேவலமா தெரியும், ஆனா சண்டை செலவோட பாத்தா சீப்பு, நூறு வருஷத்துக்கு மேல தாங்குச்சு.

கெட்டது எங்கன்னா, லியாவோவ அடிக்க ஜின்ங்கிற இன்னொரு வடக்கு ராஜ்யத்தோட கூட்டு சேந்தாங்க, ஜின் லியாவோவ முடிச்ச கையோட 1127ல சோங் தலைநகர் கைஃபெங்கைப் பிடிச்சு, அப்பா மகன்னு ரெண்டு ராஜாவயும் வடக்க இழுத்துட்டுப் போயிடுச்சு. தெக்க ஹாங்சோவுக்கு ஓடுனவங்க திருந்துனாங்களா? 1234ல ஜின்னை அடிக்க மங்கோலியரோட கூட்டு!

நம்ம சோழர்கள் இவங்களோட பேசியிருக்காங்களா?

ஆமா, 1015லயும் 1033லயும் 1077லயும் சோழ தூதுவங்க சோங் அரசவைக்குப் போயிருக்காங்க.

சோங் எப்படி முடிஞ்சுது?

1279ல, குவாங்டாங் பக்கம் யாமென் கடல்ல. மங்கோலியக் கப்பல் சுத்தி வளைச்சதும் மந்திரி லு ஷியூஃபு ராஜாவ முதுகுல சுமந்துக்கிட்டு தண்ணியில குதிச்சாரு. அந்த ராஜாவுக்கும் வயசு ஏழுதான்.