சோலார் வைத்தால் இலவச கரண்ட் போய்விடுமா?

மின்வாரியத்தில் ஹெல்பராகச் சேர்ந்து போர்மேனாக ஓய்வுபெற்ற மன்னார்குடிக்காரரின் பதில்கள்

கேள்வி: மானியத்தில் சோலார் பம்புசெட் வைக்கலாம் என்றால், ‘கரண்ட் சர்வீஸைப் பிடுங்கிடுவான்’ என்று அப்பா பிடிவாதம் பிடிக்கிறார். எப்படிப் புரியவைப்பது?
- வாசகர், கோட்டூர்

பதில்: அப்பாவைத் திட்டாதீர்கள் தம்பி. அந்த சர்வீஸ் சும்மா வந்ததில்லை. 1970-ல் யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொல்லிக் கொங்கு விவசாயிகள் போராடியபோது பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிரே போனது. 1984-ல் சிறு விவசாயிகளுக்கு இலவசம், 1990-ல்தான் எல்லோருக்கும். அப்புறமும் விண்ணப்பம் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். சர்வீஸ் நம்பரைச் சாமி படத்துக்குப் பக்கத்துச் சுவரில் எழுதிவைத்திருந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

அவருக்குப் பேனல் மேல் பயமில்லை, மீட்டர் மேல்தான். விவசாய சர்வீஸில் பெரும்பாலும் மீட்டரே கிடையாது. மீட்டர் வந்தால் பின்னாலேயே பில் வரும் என்று நினைக்கிறார். 2020-ல் மத்திய அரசின் மின்சாரத் திருத்த மசோதா வரைவு வந்தபோது தமிழக அரசே இலவச மின்சாரத்தைக் காட்டித்தான் எதிர்த்தது. அப்பா மட்டும் எப்படி நம்புவார்?

அதனால் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: இது தனியாக ஓடுகிற பம்பா, இருக்கிற சர்வீஸோடு இணைப்பதா? தனி என்றால் நம் கம்பத்தையே தொடாது. இணைப்பு என்றால் இலவச சர்வீஸ் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம். ரிப்பேருக்கு யார் வருவார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் காயில் கருகினால் உள்ளூர் மெக்கானிக் சுற்றித் தந்துவிடுவார். சோலார் கன்ட்ரோலரில் அவர் கை வைக்கமாட்டார்.

ஐப்பசி மூட்டத்தில் ஓடாது என்று அப்பா சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஐப்பசியில் நாம் தண்ணீரை வடிய வைக்கத்தானே வழி தேடுவோம்? பம்பு வேண்டியது வைகாசி, ஆனியில், மேட்டூர்த் தண்ணீர் வந்து சேருமுன் குறுவை நாற்றங்காலுக்கு. அப்போது வெயிலுக்கா பஞ்சம்!

கேள்வி: மீத்தேன் வேண்டாம், நிலக்கரி வேண்டாம் என்று போராடிய என் பெரியப்பா, வயலில் சோலார் பார்க்கும் வேண்டாம் என்கிறார். எதுதான் வேண்டுமாம்?
- கல்லூரி மாணவி, கும்பகோணம்

பதில்: நெல் வேண்டுமாம். 2017-ல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் ஜனங்கள் போராட்டத்தில் உட்கார்ந்தது நிலத்துக்காகவும் குடிதண்ணீருக்காகவும். 2023-ல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று நிலக்கரி ஏலப் பட்டியல் வந்து, எதிர்ப்பில் அந்த இடங்கள் பட்டியலிலிருந்து நீங்கியதும் அப்படித்தான். கார்பன் கணக்கு யார் வாயிலும் வரவில்லை.

சோலாரில் ஒரு மெகாவாட்டுக்கு ஏறக்குறைய 4, 5 ஏக்கர் வேண்டும். நம் பக்கம் கோயில் நிலமும் மடத்து நிலமும் எவ்வளவு என்று உனக்கே தெரியும். குத்தகைக்கு உழுகிறவர் பெயர் பட்டாவில் இல்லை. நிலத்தில் பேனல் நின்றால் வாடகை பட்டாக்காரருக்கு. உழுதவருக்கும் நடவுக்கு வரும் பெண்களுக்கும் என்ன மிச்சம்? பெரியப்பா கேட்பது இதைத்தான் என்றால் நான் அவர் கட்சி. ரைஸ்மில் கூரை, நெல் கிடங்குக் கூரை, பள்ளிக்கூட மாடி எல்லாம் வெயிலில் காய்ந்துகொண்டுதான் கிடக்கின்றன. அங்கேயும் வேண்டாம் என்றால் எழுது, நானே வந்து சண்டை போடுகிறேன்.

கேள்வி: கஜா புயல்போல வந்தால் மாடி சோலார் வீட்டுக்குக் கரண்ட் தருமா?
- வாசகி, வேதாரண்யம்

பதில்: சாதாரண மாடி சோலார் தராது அம்மா. லைனில் கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். நிற்காவிட்டால் கம்பத்தில் ஏறுகிற எங்கள் ஆள் செத்துப்போவார். பேட்டரியோடு சேர்ந்த ஹைப்ரிட் வகை வேண்டும், விலை கூடும். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் உண்டு, பேட்டரிக்கு அது போதாது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசத்துக்குள்ளேயே முடிகிற வீடு என்றால் அவசரப்படாதீர்கள்.