கரீபியன் கப்பலில் ஏழு இரவுகள்: வாசகர் கேள்வி – பதில்

ஃபுளோரிடாவிலிருந்து புறப்படும் ஏழு இரவுக் கப்பல்களில் 'ஈஸ்டர்ன்', 'வெஸ்டர்ன்' என்று இரண்டு பாதைகள் காட்டுகிறார்கள். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. எதை எடுப்பது, எந்த மாதம் போவது?
– வாசகி, அட்லாண்டா

கப்பலுக்காகப் போகிறீர்களா, கரைக்காகப் போகிறீர்களா என்பதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். பாதை தானாக முடிவாகிவிடும்.

கிழக்குப் பாதையில் வரும் செயின்ட் தாமஸ் தீவு மயாமியிலிருந்து ஏறத்தாழ 1,000 கடல் மைல். மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் ஓடும் கப்பல் ஒரு நாளில் 480 கடல் மைல்தான் கடக்கும். ஆகவே கிழக்குப் பாதையில் போகும்போதும் வரும்போதும் தண்ணீரைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாத நாட்கள் உண்டு. நீச்சல்குளம், நாடக அரங்கு, சறுக்குகள் எல்லாம் உள்ள கப்பலில் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அந்த நாட்கள்தான் வரம். 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் த சீஸ்' 365 மீட்டர் நீளமும் 20 தளங்களும் கொண்டது. அந்த அளவுக் கப்பலை ஒரு வாரத்தில் முழுதாகச் சுற்றி முடிப்பதே கடினம்.

மேற்குப் பாதையில் கொசுமெல், கோஸ்டா மாயா, ரோவட்டான், ஜமைக்கா, கிராண்ட் கேமன் போன்ற துறைகள் வரும். பவளப்பாறை நீச்சலுக்கும் பழைய மாயா நாகரிகத்தின் இடிபாடுகளுக்கும் இதுதான். ஒரு எச்சரிக்கை: கொசுமெல் ஒரு தீவு. மெக்ஸிகோ பெருநிலத்திலுள்ள துலும் இடிபாடுகளைப் பார்க்க வேண்டுமென்றால் முக்கால் மணி நேரம் படகில் பிளாயா டெல் கார்மென் போய், அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் சாலையில் போக வேண்டும். திரும்பும்போதும் அதேதான். பாதி நாள் வண்டியிலேயே கழிந்துவிடும். தீவுக்குள்ளேயே இருக்கும் சான் ஹெர்வாசியோ இடிபாடுகள் போதும் என்பது எங்கள் கருத்து.

அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை உச்சம். அதற்காகக் கப்பல் புயலுக்குள் போய்விடாது, விலகி ஓடும். ஆனால் நீங்கள் பணம் கட்டிய பாதை மாறிவிடும். கிழக்கு என்று ஏறியவர்களை மேற்கே கொண்டு போவது ஒப்பந்தப்படி கப்பல் நிறுவனத்தின் உரிமை. விட்டுப்போன துறையின் கட்டணம் மட்டும்தான் பொதுவாகத் திரும்ப வரும். எங்களைக் கேட்டால், நவம்பர் கடைசியில் வரும் 'தேங்ஸ்கிவிங்' விடுமுறை முடிந்து கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்குவதற்கு முன் வரும் டிசம்பரின் முதல் இரண்டு வாரங்களைச் சொல்வோம். புயலும் இல்லை, கூட்டமும் விலையும் குறைவு.

நாங்கள் அமெரிக்கக் குடிமக்கள். பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது. பிறப்புச் சான்றிதழ் போதும் என்கிறார்களே? எங்களோடு வரும் பெற்றோர் விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார்கள்.
– வாசகர், டாலஸ்

புறப்பட்ட அமெரிக்கத் துறைமுகத்துக்கே திரும்பி வரும் பயணத்தில், குடிமக்களுக்குப் பிறப்புச் சான்றிதழும் அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டையும் போதும் என்பது உண்மைதான். சிக்கல் எங்கே வருமென்றால், நடுவழியில் ஒருவர் உடம்பு சரியில்லாமல் இறங்க நேர்ந்தாலோ, கப்பலைத் தவறவிட்டாலோ, வீடு திரும்ப விமானம்தான் வழி. விமானத்தில் ஏற பாஸ்போர்ட் புத்தகம் வேண்டும். பணப்பைக்குள் வைக்கும் பாஸ்போர்ட் அட்டையும் அதற்கு உதவாது. புதுப்பித்துக்கொண்டே போங்கள்.

பெற்றோர் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. கப்பல் வெளிநாட்டுத் துறைகளுக்குப் போய்த் திரும்புவதால் அவர்களுடைய விசா பலமுறை நுழைவுக்கானதாகவும், திரும்பும் நாளில் செல்லுபடியாகக்கூடியதாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு தீவுக்கும் விசா விதி தனி. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்ஸிகோவில் தனி விசா கேட்பதில்லை. அந்தச் சலுகை எல்லாத் தீவிலும் உண்டு என்று நினைத்துவிடாதீர்கள். "அந்த ஊரில் நாங்கள் இறங்கவே மாட்டோம்" என்று சொன்னாலும் ஏறும்போதே தடுத்துவிடுவார்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்பே, பாஸ்போர்ட் நாட்டைச் சொல்லி, பாதையிலுள்ள ஒவ்வொரு துறைக்கும் என்ன வேண்டும் என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள்.

கரையில் சுற்றிவிட்டு ஓடி வந்தும் கப்பலைத் தவறவிட்டவர்களின் காணொளிகளைப் பார்க்கிறோம். எப்படி இவ்வளவு அலட்சியமாக இருக்கிறார்கள்?
– வாசகி, டாம்பா

அலட்சியம் மட்டுமல்ல, கடிகாரமும் காரணம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், ஏனென்றால் ஏமாறுகிறவர்களில் கெட்டிக்காரர்களும் உண்டு.

மயாமியில் மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்துக்கொள்வார்கள். கொசுமெல், ஜமைக்கா, கிராண்ட் கேமன் ஆகிய இடங்களில் அந்தப் பழக்கம் இல்லை. ஆகவே கோடையில் இந்தத் துறைகள் மயாமியைவிட ஒரு மணி நேரம் பின்தங்கி இருக்கும். கப்பல் மயாமி நேரத்தையே வைத்திருந்தால், "மாலை 4.30க்குள் ஏறிவிடுங்கள்" என்ற அறிவிப்புக்கு உள்ளூரில் 3.30 என்று பொருள். கரை சிக்னல் கிடைத்ததும் கைபேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். 4.15 என்று காட்டும் கைபேசியைப் பார்த்து நிதானமாக நடந்து வருகிறவர், உண்மையில் முக்கால் மணி நேரம் தாமதம். கிழக்கே செயின்ட் தாமஸ், சின்ட் மார்ட்டன், சான் ஹுவான் மூன்றும் குளிர்காலத்தில் மயாமிக்கு ஒரு மணி நேரம் முன்னே இருக்கும். அங்கே குழம்பினால் சீக்கிரம் வந்து சேர்வீர்கள், நஷ்டமில்லை.

சில கப்பல்கள் துறைக்கேற்ப நேரத்தை மாற்றும், சில மாற்றாது. அன்றைய நிகழ்ச்சித் தாளிலும் செயலியிலும் எழுதியிருக்கும். செய்ய வேண்டியது ஒன்றே: சாதாரண முள் கைக்கடிகாரம் ஒன்றை எடுத்துப் போய், கப்பலுக்குள் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்து வைத்து, கரையில் அதை மட்டுமே நம்புங்கள். ஏறும் கடைசி நேரம் புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாகவே இருக்கும். அதற்கும் ஒரு மணி நேரம் முன்னதாகத் துறைக்கு வந்துவிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிராண்ட் கேமனில் பெரிய கப்பல்கள் அணைந்து நிற்கும் துறைமேடை இல்லை. கப்பல் தள்ளி நிற்கும், டெண்டர் படகில்தான் கரைக்குப் போய்வர வேண்டும். கடைசிப் படகு நேரம்தான் உங்கள் கெடு, கப்பல் புறப்படும் நேரம் அல்ல. காற்று பலமாக இருந்தால் அந்தத் துறையையே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் அங்கே வெளியாரிடம் சுற்றுலா பதிவு செய்தால், கப்பல் வராவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு கட்டுங்கள்.

கப்பலின் சொந்தச் சுற்றுலாவில் போனால் விலை கூடுதல், ஆனால் அந்த வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைக்கு அவர்கள் செலவில் கொண்டு சேர்ப்பார்கள். எங்கள் வழக்கம் இது: துறையிலிருந்து அரை மணிக்குள் போகக்கூடிய கடற்கரை என்றால் டாக்சி, அதற்கு மேல் தொலைவு என்றால் கப்பலின் சுற்றுலா.

தப்பித்தவறிக் கப்பலை விட்டுவிட்டால், கப்பல் நிறுவனத்தின் துறைமுக முகவர் அலுவலகத்துக்குப் போங்கள். அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் நிகழ்ச்சித் தாளில் இருக்கும், காலையிலேயே படம் எடுத்து வையுங்கள்.

என் மனைவிக்குக் காரில் போனாலே தலைசுற்றும். எந்த அறை எடுப்பது?
– வாசகர், சிகாகோ

பூங்காவில் குழந்தைகள் ஏறி இறங்கி ஆடும் 'சீசா' பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். கப்பல் முன்பின்னாக ஏறி இறங்கும்போது நுனிகள் அதிகம் ஆடும், நடு குறைவாக ஆடும். பக்கவாட்டில் சாயும்போது உயரத்தில் ஆட்டம் அதிகம். ஆகவே கீழ்த்தளம், கப்பலின் நடுப்பகுதி. பக்கவாட்டுச் சாய்வைக் குறைக்கச் சிறகு போன்ற ஸ்டெபிலைசர்கள் உண்டு, ஆனால் முன்பின் ஆட்டத்தை அவை தடுப்பதில்லை. முன்முனை அறைகள் மலிவாகக் கிடைத்தாலும் உங்களுக்கு வேண்டாம். அறை எண்ணைக் கப்பலே ஒதுக்கும் 'கேரண்டி' வகை டிக்கெட்டும் வேண்டாம்.

ஜன்னல் அல்லது பால்கனி இருந்தால் நல்லது. கண்ணுக்குத் தொடுவானம் தெரிந்தால் காதுக்குள் உணரும் அசைவும் கண் பார்ப்பதும் ஒத்துப்போகும், குமட்டல் அடங்கும். அறை எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது மேலும் கீழும் உள்ள தளங்களின் வரைபடத்தையும் பாருங்கள். பஃபேக்கு அடியில் என்றால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம், நாடக அரங்குக்கு மேலே என்றால் இரவு அதிர்வு. மேலும் கீழும் அறைகளே இருந்தால் அமைதி.

மாத்திரை என்றால் மெக்லிசின், புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு. வாந்தி தொடங்கிய பிறகு விழுங்கினால் வயிற்றில் நிற்காது. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டையைக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்பு ஒட்ட வேண்டும், மூன்று நாள் வேலை செய்யும். அதற்கு மருத்துவர் சீட்டு தேவை, கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) உள்ளவர்களுக்கு ஆகாது.

'எல்லாம் அடக்கம்' என்றார்கள். கடைசி நாள் பில் தலையைச் சுற்ற வைத்ததாக நண்பர்கள் சொல்கிறார்கள். எது அடக்கம், எது இல்லை?
– வாசகி, நியூ ஜெர்சி

அறை, பெரிய உணவுக்கூடம், பஃபே, தண்ணீர், சாதாரண காபி, தேநீர், பெரும்பாலான நிகழ்ச்சிகள் அடக்கம். மது, குளிர்பானம், சிறப்பு உணவகங்கள், இணையம், கரைச் சுற்றுலா அடக்கமில்லை. பலரும் மறப்பது டிப்ஸ். ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் தானாகக் கணக்கில் ஏறும், குழந்தைகளுக்கும் சேர்த்து. 18 டாலர் என்றே வைத்துக்கொண்டால் நான்கு பேருக்கு ஏழு நாளில் 504 டாலர். முன்கூட்டியே கட்டிவிட்டால் கடைசி நாள் அதிர்ச்சி இல்லை.

நாளொன்றுக்கு ஒரே கட்டணம் கட்டி மது அருந்தும் 'பேக்கேஜ்', அதாவது மதுப் பொதியை வாங்குமுன் கணக்குப் போடுங்கள். பொதி நாளைக்கு 80 டாலர், அதற்கு மேல் 18 சதவீதம் சேவைக் கட்டணம் என்றால் 94.40. ஒரு காக்டெய்ல் 14 டாலர் என்றால் அதே சதவீதம் சேர்ந்து 16.52. ஆக தினமும் ஆறு குடித்தால்தான் ஈடாகும், பகல் முழுக்கக் கரையில் இருக்கும் நாளிலும். பல நிறுவனங்களில் ஒரு அறையில் ஒரு பெரியவர் வாங்கினால் மற்றவரும் வாங்க வேண்டும். குடிப்பவர் ஒருவர்தான் என்றால் பொதி நஷ்டமே.

கைபேசியைத் துறைமுகத்திலேயே விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். நடுக்கடலில் கப்பலுக்கென்று செயற்கைக்கோள் வழியாக ஒரு மொபைல் சேவை உண்டு. உங்கள் கைபேசி அதில் தானாக இணைந்தால் ரோமிங் கட்டணம் மிகக் கடுமை. வைஃபையை மட்டும் தனியாக இயக்கினால் கப்பலின் செயலி இலவசமாக வேலை செய்யும்.

கிராண்ட் கேமனில் கடை விலை உள்ளூர் டாலரிலும் இருக்கலாம். ஒரு கேமன் டாலர் 1.20 அமெரிக்க டாலர், கடைகளில் பெரும்பாலும் 1.25 என்று கணக்கிடுவார்கள். எந்த டாலர் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

போன முறை என் எக்ஸ்டென்ஷன் பெட்டியை ஏறும்போதே பிடுங்கிக்கொண்டார்கள். ஏன்?
– வாசகர், ஹூஸ்டன்

அதில் 'சர்ஜ் புரொடெக்டர்' (திடீர் மின்னழுத்த ஏற்றத்திலிருந்து காக்கும் சாதனம்) இருந்திருக்கும். வீட்டு மின்சாரத்தில் இரண்டு கம்பிகளில் ஒன்று தரையோடு இணைந்திருக்கும். கப்பலில் பெரும்பாலும் இரண்டிலுமே மின்னழுத்தம் இருக்கும். ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கும் அந்தச் சாதனம், அணைந்தது போலத் தோன்றினாலும் உள்ளே சூடேறித் தீப்பிடிக்கலாம். கடலில் தீயைவிடப் பெரிய பயம் இல்லை. யுஎஸ்பி துளைகள் மட்டும் உள்ள சாதாரண சார்ஜர் கொண்டு போங்கள். இஸ்திரிப் பெட்டி, கெட்டில், மெழுகுவத்தியும் கூடாது. அறைச் சுவர் பெரும்பாலும் எஃகு என்பதால் காந்தக் கொக்கிகள் நன்றாக ஒட்டும். ஈரத் துணிகளை அதில் மாட்டலாம், பால்கனிக் கம்பியில் வேண்டாம்.

கப்பலில் வயிற்றுப்போக்கு பரவுகிறது என்ற செய்திகள் பயமுறுத்துகின்றன.
– வாசகி, ஆர்லாண்டோ

பெரும்பாலும் நோரோவைரஸ். கை சானிடைசர் இதனிடம் அவ்வளவாகப் பலிக்காது. சோப்பும் தண்ணீரும்தான், 20 விநாடி, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்பு. பஃபேயில் எல்லாரும் தொட்ட கரண்டியைத் தொட்ட பிறகு அதே கையால் ரொட்டியை எடுத்து வாயில் போடுவது அது பரவும் முக்கிய வழிகளில் ஒன்று. தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்க் கழுவி வாருங்கள். நோய் வந்தால் மறைக்காமல் மருத்துவ அறைக்குச் சொல்லுங்கள். அறையிலேயே இருக்கச் சொல்வார்கள், சிரமம்தான், ஆனால் மற்றவர்களுக்கு அது பெரிய உபகாரம்.

சைவ உணவு கிடைக்குமா?
– வாசகர், சான் அன்டோனியோ

கிடைக்கும். பதிவு செய்யும்போதே குறிப்பிடுங்கள். முதல் இரவு உணவுக்கூடத்தில் தலைமைப் பணியாளரிடம் நேரில் சொல்லி, மறுநாள் மெனுவை முந்தின இரவே தேர்ந்தெடுத்துவிடுங்கள். முட்டை, மீன் குழம்புச் சாறு ஆகியவற்றைப் பற்றித் தனியாகச் சொல்லுங்கள், 'வெஜிடேரியன்' என்ற சொல்லுக்கு எல்லாரும் ஒரே பொருள் கொள்வதில்லை.

இறங்கும் நாளில் காலை 9 மணிக்கு மயாமியிலிருந்து விமானம் பதிவு செய்துவிட்டோம். சமாளிக்கலாமா?
– வாசகி, சியாட்டில்

மாற்றிவிடுங்கள். கப்பல் 6 மணிக்கே கரையணைந்தாலும் சுங்க, குடியேற்ற அனுமதி கிடைத்த பிறகுதான் ஆட்கள் இறங்குவார்கள். ஆயிரக்கணக்கானோர், ஒரே வாசல். நண்பகலுக்கு முன் விமானம் வேண்டாம். அதற்கு முன்னால்தான் வேண்டுமென்றால், பெட்டிகளை நீங்களே இழுத்துக்கொண்டு முதலில் இறங்கும் வசதியைக் கேட்டு வாங்குங்கள். மற்றவர்கள் முந்தின இரவே சீட்டுக் கட்டிப் பெட்டியை வாசலில் வைக்க வேண்டும். காலையில் போடும் உடை, செருப்பு, மருந்து, பாஸ்போர்ட் ஆகியவற்றை அதற்குள் வைத்துவிடாதீர்கள்.

புறப்படும் நாளுக்கும் இதே கவனம் வேண்டும். அன்று காலை விமானத்தில் வந்திறங்கிக் கப்பல் ஏறலாம் என்று திட்டமிடாதீர்கள், முந்தின நாளே துறைமுக ஊருக்கு வந்து தங்குங்கள். ஏறும்போது பெட்டிகளைச் சுமையாட்கள் வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வர மாலையாகலாம். நீச்சல் உடையைக் கைப்பையில் வைத்திருந்தால் அந்த மதியமே குளத்தில் இறங்கலாம், அப்போது குளத்தில் கூட்டம் பெரும்பாலும் குறைவு.