சிகிச்சை முடிந்தது, செலவு முடியவில்லை: வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 38,000 ரூபாய். கணவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், கடைச் செலவு போக 30,000 நிற்கும். மகள் கல்லூரியில் கடைசி வருஷம், ஃபீஸ் கட்டியாயிற்று. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது நோய் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் வலது கை வீங்குகிறது. மத்தியானத்துக்கு மேல் அசதியில் உட்கார முடியவில்லை. செக்கப் தேதி நெருங்கினால் தூக்கமும் போய்விடுகிறது. லெட்ரோசோல் (நோய் திரும்பாமல் இருக்க), கால்சியம் மாத்திரைக்கு மாதம் 1,800, பிசியோவுக்கு 4,000. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சென்னை போய் செக்கப் செய்து வர 9,000. வீட்டுச் செலவு 45,000. நகைக்கடன் வட்டியும், நாத்தனார் சொல்லி வாங்கும் சத்து பவுடருக்கான 4,000-மும் அதிலேயே அடக்கம். எஃப்.டி. 7 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 4 லட்சம் (எஸ்.ஐ.பி. மாதம் 5,000), நகைக்கடன் 2.5 லட்சம், வட்டி 10.5%. கம்பெனி மெடிக்கல் இன்ஷூரன்ஸ் 5 லட்சம் இருக்கிறது. 2021-ல் நாங்களே எடுத்த குடும்ப பாலிசி 5 லட்சமும் உண்டு. வேலையை விட்டுவிடலாமா? அல்லது பிசியோவையாவது நிறுத்தலாமா? நோயைச் சொல்லாமல் புது பாலிசி போட்டுத் தருகிறேன் என்கிறார் ஒரு ஏஜென்ட். அதையும் எடுக்கலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: பிசியோவை நிறுத்தாதீர்கள். முதலில் இதைச் சொல்லக் காரணம், உங்கள் செலவுப் பட்டியலிலேயே உங்கள் சம்பளத்தைக் காப்பாற்றும் செலவு அதுதான். வலது கையால் நாள் முழுக்க கீபோர்டில் வேலை செய்பவர் நீங்கள். அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்த பிறகோ, ரேடியேஷனுக்குப் பிறகோ வரும் இந்த வீக்கத்தைக் கவனிக்காமல் விட்டால் கை கனத்துக்கொண்டே போகும், கிருமித் தொற்றும் எளிதில் வரும். அப்புறம் மாதம் 4,000-ல் நிற்காது, அட்மிஷன் வரை போகும். வேண்டுமானால் பிசியோதெரபிஸ்டிடம், "வீட்டிலேயே செய்யும்படி மசாஜும் பயிற்சியும் கற்றுக்கொடுங்கள், வருகையைப் படிப்படியாகக் குறைக்கலாமா?" என்று கேளுங்கள். அசதியையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கீமோ போட்டால் அப்படித்தான் என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ரத்தசோகை, தைராய்டு என்று சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கலாம், அளவான நடையும் உடற்பயிற்சியும் பலருக்குப் பலன் தருகின்றன. தூக்கம் கெடுவதற்கு ஆஸ்பத்திரியில் கவுன்சலர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் பேசினால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மெடிக்ளெய்ம் இருந்தும் ஏன் எல்லாம் கையிலிருந்து போகிறது? நம் பாலிசிகள் அட்மிஷனை மையமாக வைத்து எழுதப்பட்டவை. டிஸ்சார்ஜுக்குப் பிறகான செலவை 60 நாளோ 90 நாளோ, சிலவற்றில் 180 நாளோ தருவார்கள். அதோடு சரி. ஆபரேஷனுக்கு லட்சக்கணக்கில் கொடுத்த அதே பாலிசி, ஐந்து வருஷம் சாப்பிட வேண்டிய மாத்திரைக்குப் பெரும்பாலும் ஒரு ரூபாய்கூடத் தராது. ஆகவே இதை எதிர்பாராத மருத்துவச் செலவாக நினைக்காமல், கரண்ட் பில் மாதிரி மாதச் செலவாக எழுதிவிடுங்கள். நீங்கள் சொன்ன கணக்கு மாதத்துக்கு 8,800 வருகிறது. அதில் சில செலவுகள் விட்டுப்போயிருக்கின்றன. வீக்கம் ஏறாமல் இருக்கக் கைக்குப் போடும் கம்ப்ரெஷன் ஸ்லீவ் ஆறு மாதத்தில் இறுக்கம் விட்டுவிடும், மாற்ற வேண்டும். லெட்ரோசோல் எலும்பைத் தேய்ப்பதால் எலும்பின் உறுதியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் அவ்வப்போது தேவைப்படும், மேமோகிராம் வருஷா வருஷம் உண்டு. இதற்கெல்லாம் ஒரு 900 சேர்த்து 9,700 என்று வைத்துக்கொள்வோம்.

இனி பணத்துக்கு வருவோம். எஃப்.டி.யிலிருந்து 2.5 லட்சம் எடுத்து நகையை மீட்டுவிடுங்கள். 6.5 சதவீதத்துக்குப் பணத்தைப் போட்டு வைத்துக்கொண்டு 10.5 சதவீதத்துக்கு வட்டி கட்டுவதில் அர்த்தமில்லை. மாதம் சுமார் 2,200 மிச்சமாகும். நோய் திரும்பி வந்தால் கையில் பணம் வேண்டுமே என்ற பயத்தில்தான் எஃப்.டி.யைத் தொடாமல் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பீரோவில் இருக்கும் நகையும் அவசரத்துக்குப் பணம்தான். ஒரு மணி நேரத்தில் மறுபடி அடகு வைக்க முடியும். மீதி 4.5 லட்சத்தில் 1.2 லட்சத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள். அது ஒரு வருஷ மாத்திரை, பிசியோ, செக்கப்புக்கு. 3.3 லட்சம் அவசர நிதி. மியூச்சுவல் ஃபண்டைத் தொட வேண்டாம்.

அந்த சத்து பவுடர் விஷயத்தில் நாத்தனார் மனம் நோகுமே என்று பார்க்காதீர்கள். டாக்டரோ டயட்டீஷியனோ எழுதிக்கொடுக்காத டப்பாவுக்கு மாதம் 4,000 அதிகம். முட்டையும் பருப்பும் தயிரும் அதைவிட மலிவு.

இப்போது வேலை. வட்டியும் பவுடரும் போனால் வீட்டுச் செலவு 38,800. மருத்துவச் செலவு 9,700-ஐச் சேர்த்தால் 48,500. அடியோடு வேலையை விட்டால் கணவரின் 30,000 மட்டும்தான். மாதம் 18,500 துண்டு விழும், அவசர நிதியும் அந்த 1.2 லட்சமும் சேர்ந்தாலே சுமார் இரண்டு வருஷம்தான் தாங்கும். அதோடு கம்பெனி இன்ஷூரன்ஸும் போய்விடும். ஆனால் அரை நாள் வேலைக்கு 22,000 தந்தால்கூட வருமானம் 52,000 ஆகிறது. எஸ்.ஐ.பி.யை 3,000 ஆக்கிக்கொண்டால் குடும்பம் ஓடிவிடும். மத்தியானத்துக்கு மேல் வீட்டிலிருந்தே வேலை, அல்லது ஆறு மாதத்துக்கு அரை நாள் என்று டாக்டர் கடிதத்தோடு கேளுங்கள். மாத முடிவில் கணக்கு முடித்துத் தர ஆள் கிடைக்காமல் திண்டாடும் நிறுவனங்கள் பல, நீங்கள் நினைப்பதைவிட இறங்கி வருவார்கள். எப்படியும் ராஜினாமா கொடுக்கும் எண்ணம் வந்தால், அதற்கு முன்பே கம்பெனியின் குரூப் பாலிசியிலிருந்து அதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி உண்டா என்று ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள்.

2021 பாலிசிதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய சொத்து. நோய் வருவதற்கு முன் எடுத்தது அது. கிளெய்ம் வாங்கினீர்கள் என்ற காரணத்துக்காகப் புதுப்பிக்க மறுக்க முடியாது, உங்களுக்கு மட்டும் தனியாகப் பிரீமியம் ஏற்றவும் முடியாது. ஒரு நாள்கூடப் பிரேக் விடாமல் கட்டுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மற்றும் குடும்ப ஹெல்த் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, ரெனியூவல் நோட்டீஸில் அதைச் சரிபாருங்கள். வேறு நிறுவனத்துக்குப் போர்ட் செய்யும் யோசனை இப்போது வேண்டாம், புது நிறுவனம் உங்களை ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

நோயை மறைத்துப் பாலிசி போடச் சொல்பவருக்குக் கமிஷன் முதல் வருஷமே வந்துவிடும், கிளெய்ம் நிராகரிப்பு உங்களுக்கு வரும். ஐந்து வருஷம் கட்டிவிட்டால் கேள்வியே கேட்க மாட்டார்கள் என்று சொல்லியிருப்பார். அந்த விதியிலேயே மோசடிக்கு விலக்கு இருக்கிறது. நோயைச் சொல்லியே கூடுதல் பாலிசிக்கு விண்ணப்பியுங்கள். கிடைத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் மூன்று வருஷக் காத்திருப்புதான்.

வரிச் சலுகைக்காக அலைய வேண்டாம். புற்றுநோய் போன்ற நோய்களின் சிகிச்சைச் செலவுக்கு, 80டிடிபி என்று சொல்லிப் பழகிய வருமான வரிக் கழிவு பழைய வரி முறையில்தான் உண்டு. உங்கள் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே வராது. அதற்குப் பதில் ரயில் சலுகையை வாங்குங்கள். சிகிச்சைக்கு மட்டுமில்லை, செக்கப்புக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசியில் 100 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். ரயில்வேயின் படிவத்தில் ஆஸ்பத்திரி டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, முன்பதிவு கவுன்ட்டரில் கொடுத்து டிக்கெட் எடுக்க வேண்டும். மாத்திரையை மக்கள் மருந்தகத்தில் ஜெனரிக்காக வாங்கலாமா என்று அடுத்த செக்கப்பில் டாக்டரிடமே கேளுங்கள்.

மகள் வேலைக்குப் போனதும், 25 வயது வரை உங்கள் பாலிசியில் இருக்கலாம் என்று விட்டுவிடாமல் அவர் பெயரில் தனி பாலிசி எடுத்துவிடுங்கள். விண்ணப்பத்தில் குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று கேட்டிருந்தால், உண்டு, அம்மாவுக்கு என்றே எழுதட்டும்.